ஒன்பது குதிரைவலு

கேம் இரண்டும் ஜப்பானில் இருந்து,
ஸ்பிரிங் பதினாறும் கொழும்பு லொறியில்,
காசு அனோஜன் கூறி எடுத்த சீட்டில் இருந்து.
எடுத்தது வைகாசியில். மனைவிக்குச் சொன்னது
இன்னும் இல்லை.

கல்லடியில் என்ர கராஜில் மூன்று இரவு.
கரண்ட் நின்ற நேரம் போன் வெளிச்சத்தில்
ஃபீலர் தகடு செருகினேன்:
புள்ளி இருபது. உரசிக்கொண்டு வரவேணும்,
இறுகவும் கூடாது, வழுகவும் கூடாது.
வாவிக் காற்றுக்கு
துடைத்து வைத்த தகட்டில் மறுநாளே துருப் பூக்கும்.

ஏழாயிரம் சுற்றுக்கு மேலே
பழைய ஸ்பிரிங் களைத்துவிடும்.
மூடப் போன வால்வு பாதி வழியில் நிற்க
அடுத்த வெடி வந்துவிடும்.
இனி மூடும்.
அவ்வளவுதான் நான் செய்தது.

கொழும்பில் உருளையில் ஏற்றி அளந்தார்களாம்.
முன்பு நூற்றுப் பதினெட்டு, இப்போது நூற்று இருபத்தேழு.
அனோஜன் தாளை நாலாய் மடித்துச்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்,
ஸ்கேன் ரிப்போட் வாங்கின ஆள்போல.

திரும்பி வர, செங்கலடியில்
பாதி றோட்டில் நெல் காயுது.
முன்னுக்கு உழவு மெஷின், பெட்டி நிறைய வைக்கோல்.
ஒன்பது குதிரையும் அதற்குப் பின்னால்
இருபதில் வந்தன.

இன்று காலை ஸ்குரூட்ரைவரை மூடியில் ஊன்றி
பிடியைக் காதில் வைத்தேன்,
மீன் பாட்டுக்குத் தோணிக்காரர் துடுப்பை வைப்பதுபோல.
பதினைந்தும் தையல் மெஷின்.
ஒன்று மட்டும் தனியாய் ஏதோ கதைக்குது.
"என்னவாம்?" என்றான்.
"சூடானால் அடங்கும்."

அவனுடைய போன் அடித்தது. வீட்டில் இருந்து.
எடுக்காமல் அக்சிலேட்டரை மிதித்தான்.