இதர

என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறதாம்.
அதனால் சங்கத்து நோட்டு என்னிடம்.
ஆறு வருஷமாக எழுதுகிறேன்.
கடலூர் முதுநகர், துறைமுகத்துக்குப் பின்னால்
பழைய ஐஸ் பிளாண்ட் மாடி,
மாதத்தின் முதல் ஞாயிறு, மாலை ஐந்து மணி.
உறுப்பினர் இல்லை நான்.
எழுதுகிறவள்.

பொருள் ஒன்று: டீசல் மானியம்.
பொருள் இரண்டு: உப்பனாற்றில் செத்து மிதந்த மீன்,
சிப்காட் கழிவு.
பொருள் மூன்று: தடைக்கால நிவாரணம், போன வருஷத்துப் பாக்கி.
நான்கில் சத்தம் கூடும்.
வருகிற தேர்தலில் யார் பக்கம்?
நாற்காலி நகரும், கழுத்து நரம்பு புடைக்கும்,
செயலாளர் தெய்வசிகாமணி டெல்லி, கொழும்பு, ஜெனீவா என்று
ஒரு சுற்று போய்த் திரும்புவார்.
கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்.
இதர.

அதற்கு வருவதற்குள் டீ கிளாஸ் காலியாகி
பாதிப் பேர் படியிறங்கியிருப்பார்கள்.
"இதர: ஏதுமில்லை. நன்றியுரையுடன் கூட்டம் முடிவுற்றது."
கூட்டம் முடியும் முன்பே
இதை எழுதி வைத்துவிடுவேன்,
போகிற வழியில் மாவு வாங்கணும்.

மாசிக் கூட்டத்தில்
வாசற்படியில் காத்தாயி நின்றாள்.
இடுப்பில் காலி அன்னக்கூடை, முழங்கைவரை செதில்.
"நானும் ஒண்ணு சொல்லணும்.
ராவு ரெண்டு மணிக்கு ஏலத்துக்கு வந்தா
பதினோரு மணிக்குத்தான் வீடு.
அறுவது பொம்பள. ஒரு கக்கூஸ் இல்ல.
மூத்திரம் வரும்னு தண்ணியே குடிக்கிறதில்ல.
இருட்டு இருக்கறப்பவே படகு மறைவுல போயிடணும்.
விடிஞ்சிட்டா
அடக்கிக்கிட்டேதான் விக்கணும்."

யாரோ சிரித்தார்கள்.
தலைவர் சிரிக்கவில்லை, நல்ல மனிதர்.
"இது பொம்பளைங்க சமாச்சாரம்மா,
வீட்ல பேசிக்க.
இங்க அரசியல் போயிட்டிருக்கு."

கணக்கு எனக்கு அன்றைக்குத்தான் பிடிபட்டது.
கடலில் இருக்கும்வரை மீன் அரசியல்.
வலை அரசியல், எஞ்சின் அரசியல்,
தண்ணீரில் போட்ட கண்ணுக்குத் தெரியாத எல்லைக்கோடு
அதைவிடப் பெரிய அரசியல்.
ஏலம் முடிந்து அன்னக்கூடையில் விழுந்ததும்
அது குழம்பு.

எனக்கும் எரியும்.
விடிகாலையில் ஏலக் கணக்கு எழுதுவதும் நான்தான்.
ஐப்பசியில் பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா
நிறையத் தண்ணீர் என்று சீட்டில் எழுதி
இரண்டு முறை அடிக்கோடு போட்டாள்.
சீட்டை நோட்டுக்குள்தான் வைத்திருந்தேன்,
எழுபது "ஏதுமில்லை"களுக்கு நடுவே.
எல்லாம் என் கையெழுத்து.
முத்துமுத்தாக.

அன்று வேறு எழுதினேன்.
"இதர: துறைமுகத்தில் கழிப்பறை இல்லாமையால்
அறுபது பெண்கள் சிறுநீரை அடக்கி
வியாபாரம் செய்வதாகத் திருமதி காத்தாயி தெரிவித்தார்.
இது அரசியல் அல்ல என்று
தலைவர் தெரிவித்தார்."

அடுத்த மாதம். முதல் வேலை, வழக்கம்போல,
சென்ற கூட்டத்துக் குறிப்பை வாசித்து ஏற்பது.
தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
மந்திரம் மாதிரி மூச்சுவிடாமல் வாசித்தார்.
டீசல் போனது. உப்பனாறு போனது.
அதே வேகத்தில் "சிறுநீரை அடக்கி" வரை வந்து
நின்றார்.
கீழே யாரோ ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இதை யாரு எழுதச் சொன்னது?"
"நடந்ததை எழுதச் சொன்னீங்க."
"திருத்தணும்."
"ஆமா, திருத்தணும்."
குரல் வாசலிலிருந்து.
இந்தமுறை ஏழு அன்னக்கூடை, முன்னால் காத்தாயி.
"நான் எங்கய்யா சிறுநீர்னு சொன்னேன்?
மூத்திரம்னு சொன்னேன்.
மாத்தி எழுது."

கழிப்பறை இன்னும் வரவில்லை.
மனு கலெக்டர் ஆபீஸ் போய்,
மீன்வளம் போய், நகராட்சி போய்,
"எங்கள் துறை சார்ந்தது அல்ல" என்ற முத்திரையோடு
திரும்பியிருக்கிறது.
நோட்டில் அந்தப் பக்கம் மட்டும் இருக்கிறது.
அடித்துத் திருத்திய ஒரு சொல்,
ஓரத்தில் தலைவரின் சுருக்கொப்பம்.
அவசரத்தில் எழுதினேன்,
அந்தச் சொல் மட்டும்
கோணல்.