பனிச்சாலை விதிகள்

இந்த ஆண்டு கடல் உறைந்துவிட்டது.
ஹீயுமா தீவிலிருந்து எதிர்க்கரைக்குக்
கப்பலுக்குப் பதில் சாலை.
இருபத்தைந்து கிலோமீட்டர்,
ஓரமெல்லாம் நட்டுவைத்த ஜூனிப்பர் கிளைகள்.

தொடக்கத்தில் ஒரு பலகை.
சீட் பெல்ட்டைக் கழற்றவும்.
நடுவில் நிறுத்தக் கூடாது.
மெதுவாகப் போகலாம், வேகமாகவும் போகலாம்;
இரண்டுக்கும் இடையில் ஒரு வேகம் இருக்கிறது,
அதில் போனால் அடியில் அலை கிளம்பிப்
பனியைப் பிளக்கும்.
பொழுது சாய்ந்தால் வழி அடைப்பு.

உர்மஸ் உரக்கப் படித்தான்,
பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிறவன் மாதிரி.
அவன் முடிப்பதற்குள் எனக்கு முட்டிக்கொண்டு வந்தது.
பதினான்கு சென்டிமீட்டர் கட்டி,
சிறுநீர்ப்பையின்மேல் சாய்ந்து தூங்குகிறது,
பேருந்தில் முன்பின் தெரியாத ஒருவர்
நம் தோளில் தூங்குவதுபோல.

டாக்டர் ரவுட்செப் திரையை என் பக்கம் திருப்பினார்.
டெர்மாய்டு வகை. உள்ளே கொழுப்பு, முடி,
ஒருவேளை ஒரு பல்லும் இருக்கலாம்.
யாருடைய முடி, என்றேன்.
உங்களுடையதுதான், என்றார்.
அன்றிரவு உர்மஸிடம் சொல்ல
வேறு சொற்களைத் தேடினேன். கிடைக்கவில்லை.
மூன்று வருடமாகக் காத்திருக்கிறோமே,
என் உடம்பு ஒரு பல் செய்திருக்கிறது.
வாய் வைக்க மறந்துவிட்டது.

தொழிற்சாலையில் என் வேலை
பிளாஸ்டிக் மூடிகளை விளக்கில் பிடித்துப் பார்ப்பது.
உள்ளே குமிழி தெரிந்தால் சிவப்புத் தொட்டி.
நாளுக்கு நாலாயிரம் மூடி.
போன வாரம் குமிழி உள்ள ஒன்றைப்
பைக்குள் போட்டுக்கொண்டேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.

கடையில் ஹெல்வே என் வயிற்றைப் பார்த்துச் சிரித்தாள்.
எத்தனையாவது மாதம்?
ஐந்து, என்றேன்.
என் வாயிலிருந்துதான் வந்தது அது.
ரொட்டியோடு ஓர் ஆப்பிளைக் கூடுதலாக வைத்தாள்.
திருப்பிக் கொடுக்கவில்லை நான்.
கடைக்கு வெளியே, உறைபனியில்,
விதைவரை தின்றேன்.
அதன்பின் அந்தப் பக்கம் போகவில்லை.

ஒப்புதல் படிவம், மூன்றாம் பக்கம்:
வலது சினைப்பையைக் காப்பாற்ற முயல்வோம்;
இயலாவிட்டால் அகற்றுவோம்.
முயல்வோம் என்ற சொல்லின்மேல்
பேனா நின்றுவிட்டது, மையில் ஒரு புள்ளி.
இடது?
இடது நன்றாகவே இருக்கிறது, என்றார் டாக்டர்,
வகுப்பில் வாயே திறக்காத பிள்ளையைப் பற்றி
ஆசிரியர் சொல்லும் குரலில்.

அக்டோபரில் உர்மஸ் ஒரு சறுக்குவண்டி வாங்கிவந்தான்,
பழையது, சிவப்புச் சாயம் உரிந்தது.
விறகு இழுக்க, என்றான்.
நான்கு கட்டைகூட அதில் நிற்காது.
இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.
கொட்டகையில் சாத்திவைத்திருக்கிறது,
கயிறு மட்டும் புதிது.

பாதி வழியில் பனி முனகியது.
கீழிருந்து, மிக நீளமாக,
கனத்த மேசையை யாரோ இழுப்பதுபோல்.
உர்மஸ் முள்ளையே பார்த்திருந்தான்.
இருபதிலேயே போ, என்றேன்.
இருபதில்தான் போகிறேன், என்றான்.
நம்பவும் முடியாமல் விடவும் முடியாமல்
எந்த வேகத்தில் வந்திருக்கிறோம் இத்தனை நாள்,
அடியில் என்ன எழுந்ததோ, தெரியாது.

நாளை காலை எட்டு மணிக்கு, தாலினில்,
பத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்வார்களாம்.
ஏழுக்குக் கீழே யாரும் போனதில்லை, என்றாள் செவிலி.
நான் ஆறுவரை போய்விட எண்ணியிருக்கிறேன்.
விழித்ததும் முதலில் என்ன கேட்பது?
எடுத்தீர்களா என்றா, விட்டீர்களா என்றா?
அந்தப் பல்லைப் பார்க்க வேண்டும்.
அதையும் கேட்பேன்.

கரை.
சக்கரங்களுக்குக் கீழே மண் சத்தம்.
இங்கும் ஒரு பலகை: பெல்ட்டை அணியவும்.
இழுத்து, வயிற்றுக்குக் கீழே இறக்கிப்
போட்டுக்கொண்டேன்,
கர்ப்பிணிகள் போட்டுக்கொள்வதுபோல.
உர்மஸ் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.
முதல் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்து, என்றேன்,
இனி ஒரு நிமிடம் தாங்காது.