உலோகக் குப்பை

காலை ஆறரைக்குத் தோட்டைக் கழற்றி,
மெட்டியைக் கழற்றி,
கொண்டை ஊசி இரண்டையும் உருவி
பிஸ்கட் டின்னுக்குள் போடுகிறேன்.
இரும்பைத் தேடப் போகிறவளிடம்
இரும்பு இருக்கக் கூடாது.

ஹாஜராவின் இடது கெண்டைக்காலில் மட்டும்
ஒன்று இருக்கிறது, கழற்ற முடியாதது.
கருவியைச் சரிபார்க்கையில் அவள் பக்கம் போனால்
கீச்சென்று கத்தும்.
"என்ன விட்டுட்டு நிலத்தப் பாரு புள்ள" என்பாள்.

முகாம் போய் ஆறு வருடம்.
முள்ளுக்கம்பியைச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.
எங்கே புதைத்தோம் என்பதை
யாரும் சுருட்டிக் கொடுக்கவில்லை.

எனக்கு அளந்து விட்டது ஒரு மீற்றர் அகலம்,
இரண்டு பக்கமும் சிவப்புத் தலைத் தடிகள்.
குடாவுக்கு அப்பால் மா ஆலை,
நங்கூரம் போட்ட கப்பல் ஒன்று.
நிமிர்ந்தால் தெரியும்.
நிமிர்வதில்லை.

கருவிக்கு ஒரேயொரு சொல்தான் தெரியும்.
ஆணிக்கும் அது,
சோடா மூடிக்கும் அது,
கால் கேட்கிற அந்தப் பச்சை வட்டத்துக்கும் அதே.
ஆகவே ஒவ்வோர் ஆணிக்கும்
முழந்தாளிட்டிருக்கிறேன்.
கோணேசர் முன்னால்கூட
இத்தனை தரம் குனிந்ததில்லை.

மூதூர் பஸ்ஸில் கொண்டக்டர் கேட்பான்:
"அக்கா, ஒல்லாந்தர் காசு ஒண்டும் அம்பிடேல்லையா?"
அம்பிட்டது, தம்பி.
மீன் டின் நூற்றுப் பதினொன்று.
சவர அலகு.
வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டாக் கோது,
அடியில் நாற்பத்திரண்டு என்று பதித்தது.
அதற்கு அரை அடி மேலே
இவர்கள் காலத்துக் கோது.
இரண்டிலும் ஒரே பச்சைக் களிம்பு,
பார்த்தால் அண்ணன் தம்பி.

செவ்வாய்க்கிழமை, பத்தேகால்.
பதுங்குகுழி மேட்டுச் சரிவில்
கருவி சொல்லை நீட்டி இழுத்தது.
ஒரு சாண் பின்னால் தொடங்கி
விரற்கடை விரற்கடையாய்ச் சுரண்டினேன்.
முகக்கவசத்துக்குள் வியர்வை,
துடைக்க முடியாது.
வட்டமாய் ஒரு விளிம்பு தெரிந்தது.
விசில் ஊதினேன். எல்லோரும் பின்வாங்கினார்கள்.
மேற்பார்வை அருமைநாதர் வந்து, படுத்துப் பார்த்து,
"தோண்டு" என்றார், மெல்ல.

எவர்சில்வர் பேணி.
வாய் நெளிந்து, உள்ளே மண் இறுகி,
யாரோ நிறைத்து வைத்தது போல.
கழுத்தில் புள்ளி புள்ளியாய்க் குத்திய எழுத்து:
பா. சுகிர்தமலர்.
கீழே, சின்னதாய்,
பூப்புனித நீராட்டு, 1985.

பதுங்குகுழிக்கு மண் வெட்டியவன்
அடுப்படியைத்தான் வெட்டியிருக்கிறான்.

படிவத்தில் மூன்று கட்டம்.
மிதிவெடி. வெடிக்காத எறிகணை. உலோகக் குப்பை.
அருமைநாதர் பேனையைத் தந்துவிட்டு
கப்பலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.
மூன்றாவதில் ஒரு கோடு போட்டேன்.
கோடு கொஞ்சம் கோணல்.

ஹாஜரா அதைக் கழுவினாள்,
எங்கள் குடிதண்ணீரில்.
மண்மூடை மேல் கவிழ்த்தாள்,
வடியட்டும் என்று.
பின்னேரம் குப்பைச் சாக்கு நிறுத்தார்கள்:
பதினான்கு கிலோ.
பேணி அதற்குள் இல்லை.
நான் கேட்கவில்லை.

இப்போது மூதூர் பஸ்ஸில்
ஐம்பது வயது மதிக்கக்கூடிய எவள் ஏறினாலும்
ஹாஜரா தள்ளி இருந்து இடம் கொடுக்கிறாள்.
கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு
"உங்கட பேரென்ன?" என்கிறாள்.
கொண்டக்டர் சிரிக்கிறான்:
"என்ன, வாக்காளர் இடாப்பா எழுதிறீங்க?"

மல்லிகைத்தீவுச் சந்தியில்
இன்னும் ஒருத்தி ஏறுகிறாள்,
நனைந்த குடையோடு.