இவ பாக்கியம்

பொகவந்தலாவையில் மூன்று நாளாய் மழை.
சவர்க்காரப் பெட்டிக்குள்
இருபத்தெட்டுக் கால் பூச்சியொன்றைக்
குடியேற்றிக்கொண்டிருக்கிறேன்.
ஒரு கால் வரும்போதே முறிந்திருந்தது;
குண்டூசித் துண்டை ஈயத்தால் ஒட்டி
நிற்க வைத்தேன்.

அசலை நான் தொட்டதே இல்லை.
இருப்பது மங்கலான ஒரு படம்.
அதில் ஒரு தடையின் மூன்றாம் வளையம்
சிவப்பா, பழுப்பா?
பழுப்பென்று வைத்தேன்.
புகைந்து, சிவப்பு என்றது.

தோட்டத்து ஆபீஸ் ஏலத்தில் எடுத்த
மஞ்சள் பூத்த கம்ப்யூட்டர்.
அதன் பிரிண்டர் துளையில் செருகியதும்
ஒரே முனகல்:
சுவருக்குள் ஓடும் கரண்ட்டின் குரல்.
தண்ணீர்க் குழாயில் ஒரு கம்பியைச் சுற்றினேன்.
வாயை மூடிக்கொண்டது.

கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வந்தவளை
மைக்கின் முன் இழுத்து,
"பேரச் சொல்லு."
"சிவபாக்கியம்."

திரையில் அவள் குரல்
வெட்டிய மலைப்படிகளாய் ஏறி இறங்கியது.
அழுத்தினேன்.
பெட்டி சொன்னது:
இவ பாக்கியம்.

மெல்லிய ஓசை ஏதும் ஏறாது அதில்.
வேகத்தைக் கூட்டலாம்;
கூட்டினால் நினைவகம் நிரம்பி
பாக்கியம் பாதியில் அறுந்துவிடும்.
இதை விளக்கத் தொடங்குமுன்
அவள் சிரித்துவிட்டாள்:

"அடையாள அட்டையில 'வ' இல்ல.
ஒன் பொட்டியில 'ச' இல்ல.
ரெண்டையும் கூட்டுனா
நான் முழுசா வந்துருவேன்."

ஈரத் துண்டைக் கொடியில் போட்டாள்.
நான் இன்னொரு தடவை அழுத்தினேன்.
இவ பாக்கியம்.
வேகத்தை அப்படியே விட்டேன்.

பீலியடியில் கை நீட்டிக்கொண்டே கேட்கிறாள்,
சவுக்காரப் பொட்டி
எப்ப திரும்பி வரும்?