நூற்று முப்பது மீட்டர்

படகு புறப்பட்டதும் ஸோல்ஃப்ரிட்
இன்ஜினை அணைத்தாள், திரையை அணைக்கவில்லை.
சக்கரங்கள் நான்கும் சத்தியம் செய்தன:
நாங்கள் அசையவே இல்லை.
மேலே இருந்தவர்கள் சொன்னார்கள்:
பொய். மணிக்கு இருபது கிலோமீட்டர்,
வடகிழக்கே, தண்ணீர் மேல்.
அம்பு கொஞ்ச நேரம் துறையிலேயே நின்று யோசித்தது.
பிறகு வெட்கத்தோடு நீலத்தில் இறங்கியது.

ஏப்ரல். இரவு ஒன்றரை.
பின்சீட்டில் கயிறு, வழுக்குக் களிம்பு, தோள்வரை நீளும் கையுறைகள்.
ஃபியோர்டின் அக்கரையில், எய்லிவின் தொழுவத்தில்,
ஓர் ஆடு இரண்டு மணி நேரமாக முக்குகிறது.

இந்த எந்திரமும் ஊரைப் போலத்தான்,
நாலு பேர் சொன்னால்தான் நம்பும்.
இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் அந்த நாலு பேர்,
ஆளுக்கொரு கடிகாரத்தோடு.
"நான் இங்கே, மணி இன்னது."
அவ்வளவுதான் பேச்சு.
அது வந்துசேர ஆன தாமதத்தைத்
தூரமாக்கிக்கொள்வது இதன் வேலை.
மூன்று பேர் இடம் சொல்ல.
நாலாமவர், காருக்குள் இருக்கும் மலிவுக் கடிகாரம்
எவ்வளவு பிசகியது என்று போட்டுக்கொடுக்க.

அக்கரையில் இறங்கியதும் மலை வாய் திறந்தது.
ஏழு கிலோமீட்டர் சுரங்கம்.
நாலு பேரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டால்
அடி எண்ணுவதைத் தவிர வேறென்ன வழி?
சக்கரம் ஒரு சுற்று, இவ்வளவு.
இன்னொரு சுற்று, இன்னும் இவ்வளவு.
திருப்பங்களுக்கு
உப்புக்கல் அளவு சிலிக்கான் ஒன்று
டாஷ்போர்டுக்குள் ஓயாமல் நடுங்குகிறது.
கார் வளைந்தால் நடுக்கம் கோணும்,
கோணியதைக் கூட்டிக்கொண்டே போனால் திசை.
குளிரில் அது உளறும்,
நேரே போகையிலும் திரும்பினோம் என்று.
அப்போது வரைபடம் சட்டைக் காலரைப் பிடித்து
மறுபடி சாலையில் விடும்:
பாறைக்குள் உனக்கு என்ன வேலை, இங்கே வா.

போன் அடித்தது. "எங்கே இருக்கிறாய்?"
திரையைப் பார்த்துச் சொன்னாள்:
"இன்னும் நூற்று முப்பது மீட்டர் சுரங்கம் பாக்கி..."
சொல்லி முடிக்கவில்லை, நட்சத்திரங்கள்.
ஜன்னல் இடுக்கில் பனியும் சாணமும் மணத்தன.
திரையில் அவள்
இன்னும் மலைக்குள் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

மாலையில்தான் டயர் மாற்றியிருந்தாள்.
ஆணி பதித்த பழையவை மழமழவென்று தேய்ந்தவை,
புதியவை அரை சென்டிமீட்டர் தடிமன்.
அதே தூரத்துக்குக் குறைவான சுற்று.
பட்டறைக்கும் படகுத்துறைக்கும் நடுவே இரண்டே தெரு,
கற்றுக்கொள்ள அது போதவில்லை.
கால் நீண்டது தெரியாமல்
பழைய அடியையே எண்ணிக்கொண்டு வந்திருக்கிறது, பாவம்.

நாலு பேர் ஒவ்வொருவராக வந்தார்கள்.
அம்பு ஒரே தாவாகத் தாவி அவளைப் பிடித்தது.
சுற்றுக்கு எவ்வளவு என்பதை
யாருக்கும் சொல்லாமல் திருத்திக்கொண்டது.

தொழுவத்தில் விளக்கு இருந்தது. ஆட்டுக்குள் இல்லை.
முழங்கைவரை போன கை ஒரு குளம்பைத் தொட்டது.
முன்னங்காலா, பின்னங்காலா?
குளம்புக்கு மேலே ஒரு மூட்டு, அதற்கு மேலே இன்னொன்று.
இரண்டும் ஒரே பக்கம் மடிந்தன. முன்னங்கால்.
பக்கத்தில் இன்னொரு கால், அதுவும் முன்னதே.
எய்லிவ் கேட்டார்: "எப்படிக் கிடக்கிறது?"
கண்ணை மூடிக்கொண்டாள்.
முதல் காலைப் பிடித்தபடியே தோள்வரை போனாள்,
தோளிலிருந்து மார்பைக் கடந்து மறுகால் தேடி இறங்கினாள்.
அது உள்ளே மடங்கிக் கிடந்தது.
பக்கத்தில் இருந்த கால்
வேறொருவருடையது.

"இரண்டு குட்டி" என்றாள்.
"ஒன்று வழிவிட வேண்டும்."

மூன்றே காலுக்குள் இரண்டும் வந்தன.
பின்னால் வந்தது, மஞ்சளாக, ஈரமாக,
எழுந்தது, விழுந்தது, எழுந்து
தாய்க்கு எதிர்ப்பக்கம் நாலடி நடந்து
சுவரை முகர்ந்தது.
அவள் கையுறையைக் கழற்றாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.
எய்லிவ் குனிந்தார்.
"விடுங்கள்" என்றாள்.