வெள்ளிக்கிழமைக் கணக்கு

சீட்டுக்காசு ஒன்றரை லட்சம்.
அதற்குள் எல்லாம் நிற்கவேணும்,
கேக்கும் கதிரையும் ஆட்களும்
ஆட்களின் வாயும்.

கோண்டாவில் சனசமூக நிலையத்தில்
கரம் போட்டைச் சுவரோடு சாத்திவிட்டால் மண்டபம்.
ஞாயிறு பதினையாயிரம். வெள்ளி ஒன்பது.
"வெள்ளியில ஆரும் எடுக்கிறேல்லைத் தங்கச்சி,
மச்சம் இல்லாத கொண்டாட்டத்துக்கு ஆர் வருவினம்?"
தலைவர் சாவியைச் சுழற்றினார்.
வாகீசன் என்னைப் பார்த்தான்.
காதல் என்று இதைத்தான் சொல்லுகினமோ தெரியாது,
இரண்டு பேருக்கும் ஒரே கணத்தில்
ஒரு கிலோ கோழியின் விலை
மனதில் ஓடி மறைந்தது.
வெள்ளிக்கிழமை.
ஏன் இறைச்சி இல்லை என்று ஒருத்தரும் கேட்கமாட்டினம்.
எங்கள் கையில்லாமைக்கு
விரதம் என்று பெயர் வைத்தோம்.

கேக் அடிக்கிற அக்கா மறித்தா.
முட்டை போடாததென்றால் இரண்டாயிரம் கூட.
"கடவுளும் கொமிசன் எடுக்கிறார்" என்றான் வாகீசன்,
சுன்னாகத்துக் கடையில் ஆணி நிறுக்கிற கையால்
கூட்டலைத் திரும்பப் போட்டபடி.

சேலை மிதுஷாவிடம் இரவல்.
ஆனியில் அவளின் வரவேற்பில்
ஊர் முழுக்கப் பார்த்த அதே மயில்நீலம்.
"கொண்டையை மாத்தினால் சேலையும் மாறும்" என்கிறாள்.
மாறாது.
பிளவுஸ் என்னுடையது, அது போதும்.

ஒரு சாப்பாடு தொளாயிரம்.
ஆகவே எண்பது பேர்.
சீ.ஆர். கொப்பியில் இருந்ததோ நூற்றிமுப்பத்தெட்டு.
ஒரு பெயரில் கோடு இழுக்கும்போது
அந்த ஆளே வந்து எதிரில் நின்று
"சுகமாய் இருக்கிறியோ பிள்ளை" என்கிறமாதிரி இருக்கும்.
வாகீசனின் கிரிக்கெட் ரீம் முழுவதும் அவுட்.
விக்கெட் கீப்பர் மட்டும் தப்பினான்,
பாட்டுப்பெட்டி அவனுடையது.

சின்னம்மா வீட்டில் ஏழுபேர்.
கதியாலைத் தள்ளி நட்ட வழக்கில்
ஒன்பது வருசமாய் முகத்துக்கு முகம் இல்லை.
பேனையால் வெட்டினேன்.
விடிய எழும்பிப் பார்த்தால்
அதே ஏழு பெயரும் ஓரத்தில்,
அம்மாவின் எழுத்து, பென்சிலால்,
வேண்டாமென்றால் அழி என்கிறமாதிரி மெல்லிசாய்.
ஏழு சாப்பாடு, ஆறாயிரத்து முந்நூறு.
ஒன்பதால் பிரித்துப் பார்த்தேன்.
வருசத்துக்கு எழுநூறு ரூபாய்க் கோபம்.
ரப்பரைத் தேடவில்லை.
அம்மாவும் ஒன்றும் கேட்கவில்லை,
தேத்தண்ணிக்கு அன்றைக்குச் சீனி கொஞ்சம் கூட.

செவ்வாய் இரவு சமையல்காரர் போனில்:
"எண்பது, கடைசித் தொகையோ?"
"கடைசிதான்."
வைத்தபிறகு வாகீசன்
விரலை வைத்துப் பட்டியலில் இறங்கினான்.
திரும்ப ஏறினான்.
"நாங்கள் எங்கை?"
அம்மா இருந்தா, அவனின் அண்ணன் குடும்பம் இருந்தது,
படம் எடுக்கிறவரும் உதவியாளும் இருந்தார்கள்.
மாப்பிளையும் பொம்பிளையும் இல்லை.
இன்னும் இரண்டு கூட்டலாம், ஆயிரத்தெண்ணூறு.
ஆனால் அது பூக்காரருடைய காசு,
அதற்கு மேலே ஃபான் ஓடுகிற கரண்டுக்காசு.

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்,
அம்மா எழும்பிவிடுவா என்று.

பிறகு அவன் திட்டம் சொன்னான்.
சனம் போனபிறகு, கதிரை அடுக்கினபிறகு,
பத்தரைக்குச் சந்திக் கடையில்
கோழிக்கொத்து, பெரிசு, பார்சல்.
"வெள்ளியெல்லோ?" என்றேன்.
"பன்னிரண்டுக்குச் சனி."

அப்ப ஒன்றரை மணித்தியாலம்
மண்டபத்துப் படியில் இருக்கவேணும்,
அவன் மடியில் பார்சலும்
என் மடியில் இரவல் சேலையின் தலைப்பும்,
எண்ணெய் பட்டால் மிதுஷாவுக்கு என்ன சொல்லுறது.
கொத்து ஆறிப்போகும்.
ஆறட்டும்.

கொப்பியில் கடைசி வரியாய் எழுதினேன்:
கொத்து, ஒன்று.
தொகைக்கு விட்ட இடம்
இன்னும் வெறுமையாய்த்தான் இருக்கிறது.