ஒன்பது மணி, ரோஸ் ஹில்

பிரான்சில் மாலை ஆறு அடிக்கும்போது
எனக்கு இரவு ஒன்பது.
எபேனில் ஏழாம் மாடி.
டெல்ஃபின் என்ற பெயரைக் கழற்றி
ஹெட்செட்டோடு பையில் போடுவேன்.
லியோனில் யாரோ ஒருவருக்குத்
தண்ணீர்க் கட்டணம் புரியவில்லை,
நாளைக்குப் புரியவைப்பேன்.
இப்போது நான் தேவயானி.
உள்ளங்கையில் ஒரு மாத்திரை,
மிளகைவிடச் சிறியது.

அட்டையில் கிழமைகள் பிரெஞ்சில்.
இருபத்தொன்று மஞ்சள், ஏழு வெள்ளை.
மஞ்சளுக்கு வேலை உண்டு.
வெள்ளை சும்மா,
கைக்குப் பழக்கம் விட்டுப்போகாதிருக்க.
மார்ச் கடைசியில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்புவார்கள்,
என் ஷிப்ட் எட்டுக்கே முடிந்துவிடும்.
அப்போது எட்டுக்கா ஒன்பதுக்கா என்று கேட்டேன்.
மருந்துக்கடை மதாம் சூப்ராயன் சொன்னார்:
ஒரு மணி நேரம் ஒன்றையும் கெடுக்காது.
மறதிதான் கெடுக்கும்.
சொன்னபடி போட்டால்
வருஷத்தில் நூறு பேரில் ஒருத்திக்குக்கூடத் தங்காது.
மனுஷி போடுகிறபடி போட்டால்
ஏழு பேருக்குத் தங்கும்.

ஜனவரியில் நான் மனுஷியானேன்.

திங்கள் மதியம் மூன்றாம் புயல் எச்சரிக்கை.
பாதி அழைப்பில் எங்களை எழுப்பி
பஸ்ஸில் ஏற்றினார்கள்.
பை லாக்கரிலேயே நின்றுவிட்டது.
திங்கள், செவ்வாய், புதன்.
தகரம் பறந்தது, பப்பாளி முறிந்தது,
மின்சாரம் இல்லாத வீட்டில்
சீவனும் நானும் மாமியாரும்
ஒரே மெழுகுவர்த்தியைச் சுற்றி.
ஒன்பது மணி மூன்று முறை வந்து
கதவைத் தட்டிவிட்டுப் போனது.
மாமியார் காலண்டரைப் புரட்டினார்.
அவரிடம் இரண்டு கணக்கு:
காவடிக்கு எத்தனை நாள்,
எனக்கு எத்தனை நாள்.
இரண்டும் ஒரே வாரத்தில் மோதின.
"இந்த வருஷமும் நீ பால்குடம் எடுக்க முடியாது"
என்று கிரியோலில் சொன்னார்,
புயலையே குறை சொல்வதுபோல.

வியாழன் மதியம் லாக்கரைத் திறந்தேன்.
மூன்று மஞ்சள்கள் அப்படியே,
கண் விழித்தபடி.

மதாம் சூப்ராயன் விரல்விட்டு எண்ணினார்.
எத்தனையாவது நாள்?
பதினாறில் விட்டது. இன்று பத்தொன்பது.
அதற்கு முந்தைய ஏழும் ஒழுங்கா?
ஒழுங்கு.
அப்படியானால் நேற்றையதை இப்போதே போடு,
இன்றையதை ஒன்பதுக்கு.
மற்ற இரண்டையும் குப்பையில் போடு.
சனியோடு மஞ்சள் தீரும்,
வெள்ளையைத் தொடாதே,
ஞாயிறன்றே அடுத்த அட்டை.
இடையில் கொஞ்சம் உதிரம் தெரியலாம்,
தெரியாமலும் போகலாம்.
ஏழு நாளைக்கு ஆணுறை.
நான் சொன்னேன்:
இன்றிலிருந்து பத்து நாள் விரதம், மதாம்.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அதைவிடப் பத்திரம் என் கடையில் இல்லை."

சீவனுக்கு எல்லாம் தெரியும்.
வீட்டுக் கடனில் இன்னும் இரண்டு வருஷம்,
என் கணக்கியல் பரீட்சையில் இன்னும் நான்கு தாள்.
அதுவரை என்று இருவரும் சேர்ந்து சொன்னோம்,
நாங்கள் இருவர் மட்டும்.

வெள்ளைகள் அட்டையிலேயே கிடந்தன.
உதிரம் வரவில்லை.
செவ்வாய் இரவு சமையலறையில்
புதிய அட்டையோடு பிடிபட்டேன்.
மாமியார் வாங்கிப் பார்த்தார்,
வெளிச்சத்தில் திருப்பினார்,
முகம் விரிந்தது.
"முருகனுக்காகத் தள்ளிப்போட்டிருக்கிறாய்!
சொல்லக் கூடாதா?"
நான் சொல்லவில்லை.
அன்றும் சொல்லவில்லை.

அதன்பின் ஒவ்வொரு இரவும்
நான் வாசலில் செருப்பைக் கழற்றுமுன்
ஒரு குவளைத் தண்ணீர்.
"மாத்திரை போட்டாயா?"
ஷிப்ட் முடிந்ததுமே போட்டிருப்பேன்,
ஆனாலும் தண்ணீரைக் குடிப்பேன்.
ஐந்து வருஷமாகப் பேரன் கேட்கும் அந்த வாய்
நாள் தவறாமல் என் மணியை அடித்தது.

பால்குடம் எடுத்தேன்.
வெயிலில் தார் இளகியது,
பால் திரியவில்லை.
கூட்டத்தில் யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள்,
என்ன கொடுத்துவைத்த மருமகள் என்று.

திருவிழா முடிந்த மறுநாள் இரவு
வாசலில் கேள்வி வரவில்லை.
காலண்டரில் என் கணக்கை அவர் அழித்திருந்தார்.
மேஜையில்
மூடி வைத்த குவளை மட்டும் இருந்தது.